ஒத்திகை இல்லாத நாடகம்

பங்குனி, சித்திரை மாதங்கள் வந்துவிட்டால் நம் கம்பம் பள்ளத்தாக்கில் திருவிழாக்களுக்குக் குறைவில்லை. தேனியிலிருந்து கூடலூர் வரை ஊர்தோறும் ஏதேனும் ஒரு கோயிலில் பந்தல் எழும்பும். அந்நாட்களில் ஊர் ஊராகச் சென்று விடிய விடிய நடத்தப்பெறும் இசை நாடகத்தை நம் மக்கள் ‘ஸ்பெஷல் நாடகம்’ என்பர். நம்மில் பலரும் பார்த்த ஒன்றுதான். ஆயினும் அது எவ்வாறு நடைபெறுகிறது என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்நாடகத்திற்கு நிலையான குழுவும் இல்லை; ஒத்திகையும் இல்லை. ராஜபார்ட் மதுரையிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார். பபூன் திண்டுக்கல்லிலிருந்து வருவார். விழாக் கமிட்டியார் ஏஜெண்டிடம் முன்பணம் கொடுத்து, ஒவ்வொருவரிடமும் தனித்தனியே தேதி வாங்குகின்றனர். அன்றிரவு ஒப்பனை செய்யும் இடத்தில்தான் நடிகர்கள் ஒன்று கூடுகின்றனர். இருந்தும் இரவு பத்து மணியளவில் தொடங்கும் நாடகம் பொழுது விடியும்வரை தடையின்றி நடக்கிறது. இஃது எவ்வாறு இயலும்?

முதற்காரணம், பொதுவான பாடம். 1867-இல் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி முதலிய நாடகங்களை இயற்றியவர். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்துச் சிறுவர்களைப் பயிற்றினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அவரிடம் பயின்றவர்களே. 1922-இல் அவர் புதுச்சேரியில் மறைந்தார். ஆனால் அவர் வகுத்த பாடல்களும் காட்சி வரிசையும் நடிகர் அனைவருக்கும் மனப்பாடம். பாடல் வரையறுக்கப்பட்டது, இடையில் வரும் பேச்சோ நடிகரின் திறமைக்கு விடப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியில் தோன்றிய ‘கமீடியா டெல் ஆர்ட்டே’ நாடகத்திலும் கதைச்சுருக்கம் மட்டுமே முன்கூட்டித் தரப்படும். பேச்சை நடிகரே மேடையில் உண்டாக்குவர்.

இரண்டாவது காரணம், ஆர்மோனியக்காரர். மேடையோரம் அமர்ந்திருக்கும் இவருக்கு எல்லாருடைய பாடல்களும் தெரியும். நடிகர் அடி மறந்தால் எடுத்துக் கொடுப்பார். பேச்சு நீண்டால் அடுத்த பாட்டின் சுருதியை எழுப்பிக் காட்சியை நகர்த்துவார். இயற்பியல் மாணவன் என்ற முறையில் எனக்கு இக்கருவி மிகவும் பிடித்தது. துருத்தியின் காற்று ஒவ்வோர் உலோக நாக்கையும் அதற்குரிய அதிர்வெண்ணில் அதிரச் செய்கிறது. அந்த அதிர்வெண்ணைப் பாடகர் மாற்ற இயலாது. குரல்தான் கருவிக்கு இணங்க வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் நடிகர்கள் உச்சக் கட்டையில் பாடினர். தாழ்ந்த ஒலியைவிட உயர்ந்த ஒலியை மனிதச் செவி எளிதில் உணர்வதால், கடைசி வரிசையில் இருப்பவருக்கும் பாட்டு எட்டியது.

மூன்றாவது காரணம், பார்வையாளர். வள்ளி திருமணத்தில் நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்தை நம்மவர் நீதிபதிகளைப் போல் கேட்பர். தினைப்புனம், பரண், கவண் எல்லாம் மலையடிவாரத்து உழவர்க்குப் புதியவை அல்ல. விடை சரியில்லையெனில் கூட்டத்திலிருந்தே குரல் எழும்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் அப்பத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் கோவலன் கதையையும் அரிச்சந்திரன் கதையையும் நான் பாடநூலில் படிப்பதற்கு முன்பே அவர் வாயால் கேட்டிருக்கிறேன். “தப்பா தீர்ப்புச் சொன்ன ராசா உசிரோட இருக்கலாமாய்யா?” என்று அவர் கேட்பார். பள்ளிக்கூடம் எட்டாத தலைமுறைக்கு இரவு முழுவதும் நடந்த பள்ளிக்கூடம் நாடகமே என்றால் அது மிகையாகாது.

அப்பள்ளிக்கூடம் நாட்டு விடுதலையையும் போதித்தது. நடிகர் விசுவநாத தாஸ் முருகன் வேடத்திலேயே வெள்ளையரைச் சாடிப் பாடிப் பலமுறை சிறை சென்றார். அவருடைய சாதியைக் காட்டி உடன் நடிக்க மறுத்தவர்களும் உண்டு. 1940-ஆம் ஆண்டின் கடைசி நாளில், சென்னையில் வள்ளி திருமணம் நடித்துக்கொண்டிருக்கையில் மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது. இத்தகையோர் வளர்த்த கலையைச் செய்வோரை ‘கூத்தாடி’ என்று இகழும் வழக்கம் இன்னும் நம்மிடையே இருப்பது வருந்தத்தக்கது.

நடிகர்களின் ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதி இவ்விழா மாதங்களில்தான் கிடைக்கிறது. 2020-இல் ஊரடங்கு மார்ச் 25-ஆம் நாள் தொடங்கியது. அதாவது பங்குனியின் நடுவில். வாங்கிய தேதிகள் வீணாயின. நோய் நீங்கிய பின்னும் இடர் தீரவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்தும் விதி 2000-ஆம் ஆண்டு முதல் உள்ளது. அவ்விதி நோயாளிக்கும் படிக்கும் பிள்ளைக்கும் தேவையானதே. ஆனால் பத்து மணிக்குத் தொடங்குவதே வழக்கமான கலைக்கு அது பெரும் நெருக்கடி. ஊர்க் கமிட்டிகளில் நம் வயதினர், “நாடகம் வேண்டாம், ஆடல் பாடல் வைப்போம்” என்று கூறுவதும் மிகுந்து வருகிறது.

என் கருத்து இதுதான். மாலையிலேயே தொடங்கி நள்ளிரவுக்குள் முடியும்படி காட்சிகளைச் சுருக்கலாம். ஒலியைக் குறைத்துப் பார்வையாளர் அருகில் அமரலாம். தர்க்கத்தையும் பாடலையும் மட்டும் விட்டுவிடக் கூடாது. நம் கல்லூரி விழாவிலும் ஓராண்டு அரங்கை இவர்களுக்கு அளிக்கலாம்.

மாணவ நண்பர்களே! வரும் சித்திரையில் வரி வசூலிக்கக் கமிட்டியார் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பர். அப்போது நாடகத்திற்காக ஒரு சொல் சொல்லுங்கள். நாடகம் நடந்தால் பபூன் காட்சி முடிந்ததும் எழுந்து வந்துவிடாதீர்கள். வள்ளியும் நாரதரும் பேசி முடிக்கும் வரையேனும் அமர்ந்து கேளுங்கள்.