வீட்டுக் கடனும் வீட்டார் கணக்கும்



திருக்குர்ஆனிலேயே மிக நீளமான ஆயத்து எது என்று மதரஸாவில் ஓதும் பிள்ளைகளைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள்: அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆவது ஆயத்து. அது சுவர்க்கத்தைப் பற்றியதன்று; நரகத்தைப் பற்றியதுமன்று. கொடுக்கல் வாங்கலைப் பற்றியது. தவணை குறித்துக் கடன் பட்டால் அதை எழுதிக்கொள்ள வேண்டும், சாட்சி வைத்துக்கொள்ள வேண்டும், தொகை சிறிதானாலும் பெரிதானாலும் எழுதுவதற்குச் சலித்துக்கொள்ளக் கூடாது என்பது அதன் கருத்து. சிறு வயதில் உஸ்தாதிடம் ஓதியபோது இவ்வளவு பெரிய ஆயத்து இதற்கு ஏன் என்று நமக்கு விளங்கவில்லை. கடை வைத்து, கல்லாவில் உட்கார்ந்து, கடனுக்குச் சாமான் கொடுத்து, கொடுத்ததை எழுத மறந்து நஷ்டப்பட்ட பிறகுதான் விளங்கிற்று.

நம் உலு யாம், பத்தாங் காலி, ராசா, செரண்டா வட்டாரத்தில் இன்று வீட்டுக் கடன் இல்லாத குடும்பத்தைக் காண்பது அரிது. நம் பெற்றோர் காலத்தில் பலருக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. காரணம், அவர்களுக்கு வீடே சொந்தமில்லை. தோட்டத்தில் வேலை பார்க்கும் வரையில் லயத்து வீடு. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளிகள் தெருவில் நிற்கும் நிலை வந்தபோது, 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி. அதை மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். பால் மரம் வெட்டுகிறவருடைய சம்பளத்தில் அந்த 10 வெள்ளி சிறு தொகையன்று. வீட்டிலுள்ள அத்தனை பேரும் சம்மதித்தால்தான் அது மிஞ்சும். அப்படி மிஞ்சிய பணத்தில்தான் அந்தச் சங்கம் தோட்டங்களையே வாங்கிற்று.

நிற்க. கடனைப் பற்றி மார்க்கம் எவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது என்பதை ஜும்ஆ பயான்களில் நாம் கேட்டிருக்கிறோம். ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, இறந்தவருக்கு இரண்டு தீனார் கடன் உண்டு என்று அறிந்து, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தாம் தொழவைக்காமல் விலகினார்கள். அபூ கதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனை ஏற்றுக்கொண்ட பின்னரே தொழவைத்தார்கள். இரண்டு தீனார்! நாமோ இரண்டு லட்சம் வெள்ளிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அன்று மாலையே புது சோபா பார்க்கப் போகிறோம்.

கடன் வாங்குவது பாவம் என்று நாம் சொல்லவில்லை. ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். ஜனங்கள் அவர்களிடம் பணத்தை அமானிதமாக வைக்க வருவார்கள். அமானிதம் தொலைந்துவிட்டால் அவர்களுக்கு நஷ்டமாகுமே என்று அஞ்சி, அதைக் கடனாகவே ஏற்றுக்கொள்வார்கள். ஹிஜ்ரி 36-இல் ஜமல் போரன்று, தம் மகன் அப்துல்லாஹ் (ரலி) அவர்களை அழைத்து, தமக்குப் பெருங்கவலை இந்தக் கடன்தான் என்று சொல்லி, அதை அடைக்கும் பொறுப்பை ஒப்படைத்தார்கள். பின்னர் மகன் கணக்குப் பார்த்தபோது 22 லட்சம் என்று வந்தது. தந்தை 1 லட்சத்து 70 ஆயிரத்துக்கு வாங்கியிருந்த அல்காபா நிலத்தை 16 லட்சத்துக்கு விற்றார்கள். கடன் அடைந்த பின்பும், சொத்தைப் பங்கிடச் சொன்ன வாரிசுகளைப் பொறுத்திருக்கச் சொல்லி, நான்கு வருஷம் ஹஜ்ஜுக் காலங்களில், ஸுபைரிடம் யாருக்கேனும் பணம் வரவேண்டியிருந்தால் வாருங்கள் என்று அறிவிப்புச் செய்தார்கள். இந்தச் செய்தி புகாரியில் இருக்கிறது.

இதில் நமக்கு உறைத்தது நிலம் விற்ற விலையன்று. அந்தத் தந்தை மகனிடம் சொன்னாரே, அதுதான். நம்மில் எத்தனை பேருடைய மனைவிக்கு வீட்டுக் கடன் இன்னும் எவ்வளவு பாக்கி என்று தெரியும்?

நமக்கு நேர்ந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். வீடு வாங்கிச் சில வருஷங்கள் கழித்து, சீக்கிரம் கடனை முடிக்க வேண்டும் என்ற ஆசையில், மாதத் தவணையோடு 150 வெள்ளி சேர்த்துக் கட்டி வந்தோம். இரண்டு வருஷம் கட்டினோம். வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை. "கடையில் வியாபாரம் மந்தம்" என்று சொல்லிப் பிள்ளைகளின் செலவைக் குறைத்தோம். மனைவி நம்மைக் கருமி என்று எண்ணிக்கொண்டிருந்தார். 2021-இல் ஒருநாள், அப்போது நான்காம் படிவம் படித்துக்கொண்டிருந்த மகள், மேசை மேல் கிடந்த வங்கிக் கணக்கறிக்கையை எடுத்துப் படித்துவிட்டு, "அத்தா, இதிலே கடன் குறையவே இல்லையே, 3,600 வெள்ளி முன்பணம் என்றல்லவா போட்டிருக்கு" என்றாள். நமக்கு ஆரம்பப் பள்ளிப் படிப்புத்தான். அந்த அறிக்கையை நாம் ஒருநாளும் முழுவதும் படித்ததில்லை. வங்கிக்குப் போய் விசாரித்தபோது அங்கிருந்தவர் பொறுமையாகவே விளக்கினார். கூடுதலாகக் கட்டும் பணம் அசலுக்குப் போகவேண்டும் என்று எழுதிக் கொடுக்காவிட்டால், அது வரப்போகும் மாதங்களின் தவணைக்கு முன்பணமாக நிற்குமாம். இரண்டு வருஷம் பிள்ளைகளின் வாயைக் கட்டிச் சேர்த்த பணம் கடனை ஒரு காசும் குறைக்காமல் அங்கே தூங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே அசலைக் குறைப்பது ஏன் முக்கியம் என்பதைக் கணக்காகவே பார்ப்போம். 200,000 வெள்ளி கடன். வருஷத்துக்கு 4 விழுக்காடு. 30 வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை ஏறக்குறைய 955 வெள்ளி. முதல் மாதத்தில் இந்த 955-இல் 667 வெள்ளி வங்கியின் லாபத்துக்குப் போய்விடும். அசலில் குறைவது 288 தான். ஐந்து வருஷம் தவறாமல் கட்டினால் நம் கையை விட்டுப் போனது 57,000 வெள்ளிக்கு மேல். அசலில் குறைந்ததோ 19,000 சொச்சம். முப்பது வருஷமும் கட்டி முடித்தால், வாங்கிய 200,000-க்கு மேல் 143,000 வெள்ளிக்கு அதிகமாகக் கொடுத்திருப்போம்.

இப்போது அதே கடனுக்கு முதல் மாதத்திலிருந்தே 200 வெள்ளி கூடுதலாக அசலுக்குக் கட்டினால் என்ன ஆகும்? 30 வருஷம் என்பது 21 வருஷமும் ஏழு மாதமுமாகக் குறையும். மிச்சம் ஏறக்குறைய 45,000 வெள்ளி. நாம் இதை மூன்று முறை கூட்டிப் பார்த்தோம். மகள் கைத்தொலைபேசியிலும் போட்டுப் பார்த்தாள். தொகை மாறவில்லை. வங்கிகளின் விகிதம் ஏறி இறங்கும்போது இது கொஞ்சம் கூடக்குறைய வரும், அவ்வளவுதான்.

மாதம் 200 வெள்ளி என்பது நாளொன்றுக்கு 6 வெள்ளி 70 காசு. அது எங்கே இருக்கிறது என்று தேடுவதுதான் குடும்ப வரவு செலவுத் திட்டம்.

கடனுக்குச் சாமான் வாங்குகிறவர்களுக்கு நம் கடையில் 555 நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறோம். சட்டைப்பையில் அடங்கும் அந்தப் புத்தகம் இந்நாட்டில் தெரியாதவர் இல்லை. அன்று வங்கியிலிருந்து திரும்பியதும் அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், இஷாவுக்குப் பின் எல்லோரையும் உட்காரவைத்து, பாக்கி எவ்வளவு, தவணை எவ்வளவு, நாம் செய்த தவறு என்ன என்பதைச் சொன்னோம். மனைவி கோபிப்பார் என்று பயந்தோம். அவர் கேட்டது ஒன்றுதான்: "இதை ஏன் முன்னாடியே சொல்லலை? நானும் பார்த்துச் செய்திருப்பேனே."

அந்த மாதம் முழுவதும் ஆளுக்கு ஆள் செலவை அந்தப் புத்தகத்தில் எழுதினோம். எழுதும்போது யாரும் யாரையும் திட்டக்கூடாது என்பது நிபந்தனை. திட்டினால் அடுத்த வரி பொய்யாகிவிடும். மாத முடிவில் கூட்டிப் பார்த்தால், வீண் செலவில் முதலிடம் மனைவிக்குமில்லை, பிள்ளைகளுக்குமில்லை, நமக்குத்தான்! சுபுஹுக்குப் பின் நண்பர்களோடு தே தாரிக்கும் ரொட்டி சானாயும், யார் குடித்தாலும் காசு நாமே கொடுப்பது என்ற பெருமையும் சேர்ந்து மாதம் 200 வெள்ளியைத் தொட்டிருந்தது. இப்போது தேநீர் வீட்டில். வெள்ளிக்கிழமை மட்டும் கடையில். நண்பர்கள் ஒருவரும் குறைந்துவிடவில்லை. அவர்களும் காசு கொடுக்கப் பழகிக்கொண்டார்கள்.

மாதச் செலவைவிடத் திட்டத்தை அதிகம் கெடுப்பது வருஷச் செலவு என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். நோன்புப் பெருநாள் வருகிறது என்பது போன பெருநாளன்றே தெரியும். பள்ளி திறப்பதும் சாலை வரி, காப்புறுதி, நிலவரி எல்லாமும் அப்படித்தான். ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் திடீரென்று வந்த விருந்தாளியைப் போல அவற்றைப் பார்த்துத் திகைத்து நிற்கிறோம். எங்கள் வீட்டில் பெருநாளுக்கு 1,800, வாகனத்துக்கு 900, பள்ளிக்கூடத்துக்கு 700, நிலவரி முதலியவற்றுக்கு 200, ஆக 3,600 வெள்ளி. இதைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 300 வெள்ளியைத் தனியே போட்டுவிடுகிறோம். இதைச் செய்யாத வருஷங்களில் பெருநாள் மாதத்தில் மனைவியின் வளையல் அடகுக்குப் போனதுண்டு.

புத்தகத்தின் முதல் வரி ஸதகா. தொகை சிறிதாக இருக்கட்டும். வரி முதலாவதாக இருக்கட்டும் என்று மனைவி சொன்னார், ஒப்புக்கொண்டோம். கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை: கல்லாப்பெட்டி வேறு, வீட்டுப்பெட்டி வேறு. நமக்கு நாமே மாதச் சம்பளம் ஒன்று குறித்து, அதை மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும். கல்லாவில் கைவிட்டுச் சில்லறை எடுக்கும் பழக்கம் உள்ளவன் எத்தனை புத்தகம் போட்டாலும் கணக்கு நேராகாது.

மிஞ்சியதையெல்லாம் வீட்டுக் கடனுக்கே கொட்டிவிடுவதும் சரியன்று. கடன் அட்டையில் பாக்கி வைத்தால் வருஷத்துக்கு 15 முதல் 18 விழுக்காடு ஏறுகிறது. அது வட்டி என்பது ஒருபுறமிருக்க, 4 விழுக்காட்டை அடைக்க அவசரப்பட்டு 18 விழுக்காட்டை விட்டுவைப்பது வியாபாரக் கணக்கிலும் மடமை. அதை முதலில் முடியுங்கள். பிறகு இரண்டு மூன்று மாதச் செலவுக்காவது கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள். 2020 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வங்கிகள் ஆறு மாதத் தவணையை ஒத்திவைத்தபோது, கடையில் பலர் அது தள்ளுபடி என்றே பேசிக்கொண்டார்கள். தவணைதான் நின்றது; கடன் நிற்கவில்லை.

ஊழியர் சேமநிதியில் உள்ள பணத்தை எடுத்து வீட்டுக் கடனைக் குறைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். 2024 மே மாதத்தில் கணக்கு மூன்றாகப் பிரிக்கப்பட்ட பின், இதற்கு வழிவிடுவது செஜாத்திரா கணக்கு. ஆனால் 2024-க்குச் சேமநிதி, ஷரியா சேமிப்பு உட்பட, 6.3 விழுக்காடு லாப ஈவு கொடுத்தது. 4 விழுக்காட்டுக் கடனை அடைக்க, அந்த வருஷம் 6.3 கொடுத்த பணத்தை எடுப்பது நமக்குச் சரியாகப் படவில்லை. வேலையை விட்டு நிற்கப்போகும் வயதில், கடனோடு இருக்கப் பயப்படுகிறவர் எடுத்தால் குறை சொல்லமாட்டோம்.

இனி இஸ்லாமிய முறையில் வீடு வாங்கியவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. 1983-இல் பேங்க் இஸ்லாம் தொடங்கப்பட்ட பிறகு நம்மவர் வட்டியைத் தவிர்க்க வழி பிறந்தது. பழைய விற்பனை முறை ஒப்பந்தத்தில், முப்பது வருஷ லாபத்தையும் சேர்த்த மொத்த விற்பனை விலைதான் கடன். இடையில் அடைத்தால் இனி வரவேண்டிய லாபத்தைத் தள்ளிக் கொடுப்பது வங்கியின் விருப்பமாக இருந்தது. அந்தத் தள்ளுபடிக்கு இப்ரா என்று பெயர். 2006-இல் உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், 346,000 வெள்ளி நிதி பெற்றவரிடம் வங்கி 958,909 வெள்ளி கோரியது. இன்னும் கழியாத காலத்துக்கு லாபம் கேட்க முடியாது என்று நீதிபதி தீர்ப்பளித்தார். பின்னர் பேங்க் நெகாரா, முன்கூட்டி முடிப்பவருக்கு இப்ரா கொடுப்பதை ஒப்பந்தத்திலேயே எழுதவேண்டும் என்று விதித்தது. 2011 முதல் அது நடப்பில் இருக்கிறது. ஆகவே சீக்கிரம் அடைத்தால் லாபமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒப்பந்தத்தை எடுத்து அந்தப் பகுதியைப் பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். முதல் மூன்று அல்லது ஐந்து வருஷத்துக்குள் முழுவதும் முடித்தால் அபராதம் உண்டா என்பதையும் அதிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கடனோடு குடும்பத் தலைவர் மௌத்தானால் பாக்கியை அடைக்கும் தகாஃபுல் எடுக்கப்பட்டிருக்கிறதா, அந்தப் பத்திரம் எங்கே இருக்கிறது என்பது மனைவிக்குத் தெரிந்திருக்கட்டும்.

வங்கிக்குக் கொடுக்கும் கடிதம் நான்கு வரி போதும். கூடுதல் பணம் அசலுக்குப் போகவேண்டும். தவணைத் தொகை அப்படியே இருக்கட்டும், காலம் குறையட்டும். நகல் ஒன்றில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த அறிக்கை வந்ததும் அசல் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் முடிந்த பிறகு 16என் படிவத்தின் மூலம் நில அலுவலகத்தில் அடமானத்தை நீக்கிப் பதிவு செய்தால்தான் வீட்டு நிலப்பட்டா சுத்தமாக நம் கைக்கு வரும். கடன் முடிந்தது என்று இதைச் செய்யாமல் இருந்துவிடக் கூடாது.

எங்கள் வீட்டில் மகள் ஒரு பெரிய தாளில் 168 கட்டம் போட்டு அடுக்களைச் சுவரில் ஒட்டினாள். அன்று இருந்த பாக்கி 168,000. ஆயிரம் வெள்ளி அசல் குறைந்தால் ஒரு கட்டத்துக்கு வர்ணம். வர்ணம் தீட்டுவது சின்ன மகனின் வேலை. இதுவரை 31 கட்டம் ஆகியிருக்கிறது. தாளின் ஓரமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. கடைசிக் கட்டத்தை யார் தீட்டுவது என்று அக்காளுக்கும் தம்பிக்கும் இப்போதே வழக்கு நடக்கிறது. மனைவி, அது தனக்குத்தான் என்கிறார்.