டெல்லி வெயிலும் நிற்கும் ஃப்ரீசரும்

கரோல் பாக் போன்ற நெருக்கடியான இடங்களில் ஃப்ரீசரைப் பால்கனிக்குத் தள்ளிவிடுவது சகஜம். மே, ஜூனில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. ஃப்ரீசரில் ஒட்டியிருக்கும் லேபிளில் ‘டி’ வகுப்பு என்றிருந்தாலும், அது 43 டிகிரி வரைக்கும்தான். ஆகவே இடம் நிழலான உள்ளறை. பின்புறம் நாலு விரற்கடையாவது இடைவெளி. புழுதிக்காற்று அடித்து ஓய்ந்ததும், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கண்டென்சர் வெளியே தெரியும் மாடலானால் பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள்.

உள்ளே மைனஸ் 18 டிகிரி இருக்க வேண்டும். இல்லையென்றால் முதலில் கதவு ரப்பரைப் பாருங்கள். ஒரு தாளை வைத்துக் கதவை மூடி இழுங்கள். சுலபமாக வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது.

ஃப்ராஸ்ட் ஃப்ரீ மாடலில் பின்சுவரில் பனி அப்பிக்கொண்டால், ஒரு நாள் முழுக்க அணைத்து உருகவிடுங்கள். பிறகு சில நாள் நன்றாக ஓடி, மறுபடி பனி கட்டினால் பெரும்பாலும் டிஃப்ராஸ்ட் ஹீட்டரோ சென்சாரோதான் கோளாறு. ‘கேஸ் போயிடுச்சு’ என்று மெக்கானிக் சொன்னதும் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள். பனியைக் கத்தியால் சுரண்டவே கூடாது, குழாய் ஓட்டையாகும். குழாயில் ஓடும் குளிரூட்டும் வாயு ஆர்600ஏ என்றால், அது தீப்பற்றும்.

கம்ப்ரசர் ‘டிக்’கென்று கிளம்பி உடனே நின்றால், வோல்டேஜ் குறைவாக இருக்கலாம், ஸ்டெபிலைசரைச் சோதியுங்கள்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள், கிண்ணத்தில் உறைந்த ஐஸ்மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்துவிட்டுப் போகலாம். திரும்பும்போது காசு அடியில் கிடந்தால், நடுவில் கரண்ட் நெடுநேரம் போயிருக்கிறது. துருவிய தேங்காய் உட்பட எல்லாம் குப்பைக்கு.