கணினிக்குள் காலம் ஓர் எண்

பதினோராம் வகுப்பில் எண் முறைகளையும் 2-ன் நிரப்பியையும் நடத்தும்போது, "இது எங்கே பயன்படுகிறது?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கைப்பேசி காட்டும் தேதியைக் கொண்டே இதற்கு விடை சொல்லலாம்.

எண்ணிக்கையின் தொடக்கம்

யுனிக்ஸ், அதன் வழியில் அமைந்த லினக்ஸ், ஆண்ட்ராய்டு ஆகியவை நேரத்தை நாள், மாதம், ஆண்டு எனப் பிரித்து வைப்பதில்லை. உலகப் பொது நேரப்படி 1970 ஜனவரி 1 நள்ளிரவு 00:00:00 முதல் கடந்த நொடிகளை ஒரே முழு எண்ணாக வைக்கின்றன. ஒரு நாளுக்கு 86,400 நொடிகள். இரண்டு நிகழ்வுகளுக்கு இடைப்பட்ட காலத்தை அறிய ஒரு கழித்தல் போதும்.

திரையில் காட்டும்போதுதான் இந்திய நேரத்துக்காக 19,800 நொடிகள், அதாவது ஐந்தரை மணி நேரம், கூட்டப்படுகிறது. எனவே 0 என்ற எண் நமக்கு 1970 ஜனவரி 1, காலை 5.30. தேதி பதிவாகாத இடத்தில் சில செயலிகள் 01.01.1970 என்று காட்டுவது இந்தப் பூச்சியத்தால்தான்.

வகுப்பறைச் செயல்பாடு

2000 ஜனவரி 1, உலகப் பொது நேரம் 00:00:00-க்கு உரிய எண்ணைக் குழுக்களாகக் கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

1. 30 ஆண்டுகள் × 365 = 10,950 நாள்கள்.
2. இடையில் வரும் லீப் நாள்கள் 7 (1972 முதல் 1996 வரை). மொத்தம் 10,957.
3. 10,957 × 86,400 = 94,66,84,800.

2000-ஆம் ஆண்டும் லீப் ஆண்டுதானே என்று சிலர் 8 நாள்களைச் சேர்ப்பார்கள். அதன் பிப்ரவரி 29 இன்னும் வரவில்லை என்பதை அவர்களே கண்டறியட்டும். 1970-க்கு முந்தைய நாள்கள் குறை எண்கள். இந்திய விடுதலை நள்ளிரவின் எண் −70,63,39,800.

பெட்டி நிரம்பும் நாள்

இந்த எண்ணுக்குப் பழைய அமைப்புகள் 32 பிட் ஒதுக்கின. ஒரு பிட் குறிக்குப் போக, மீதி 31 பிட்டில் அடங்கும் மிகப்பெரிய எண் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19, காலை 8:44:07-க்கு எண்ணிக்கை அதைத் தொடும். அடுத்த நொடியில் 1 கூடும்போது குறி பிட் 1 ஆகிவிடும். 2-ன் நிரப்பி முறையில் அது மிகச்சிறிய குறை எண். உலகப் பொது நேரப்படி அது 1901 டிசம்பர் 13-ஐக் குறிக்கும்.

தீர்வு 64 பிட். அது ஏறத்தாழ 29,200 கோடி ஆண்டுகளுக்குப் போதும். 32 பிட் கணினிகளும் 64 பிட் நேரத்தைப் பயன்படுத்தும் வசதி, 2020-இல் வெளிவந்த லினக்ஸ் 5.6-இல் முழுமை பெற்றது. ஆனால் ஆண்டுக்கணக்கில் மாற்றப்படாமல் இயங்கும் கருவிகளும், பழைய கோப்பு வடிவங்களும் தாமாக மாறிவிடா. இருபது ஆண்டு வீட்டுக்கடனின் கடைசித் தவணை நாளைக் கணக்கிடும் மென்பொருளுக்கு இந்தச் சிக்கல் இன்றைக்கே உரியது. அதைத் திருத்தப்போகிறவர்களில் நம் மாணவர்களும் இருப்பார்கள்.

தொடர் பணி

1971-இல் பெல் ஆய்வகத்தின் முதல் யுனிக்ஸ், நேரத்தை நொடியில் 60-இல் ஒரு பங்காக, 32 பிட்டில் எண்ணியது. குறி பிட் இல்லை எனக் கொண்டால், எத்தனை நாள்களில் பெட்டி நிரம்பும்? (விடை: சுமார் 828 நாள்கள்.) பின்னர் நொடிக் கணக்குக்கு மாறியது ஏன் என்பதை மாணவர்கள் விளக்கட்டும்.