ஆற்றைப் பார்த்து நிற்கச் சொல்

அன்புள்ள கண்ணம்மா,

உன் கடிதம் கிடைத்தது. நியூகாசில் நகரத்துப் பைக்கர் பகுதியில் இதுவரை ஆறு முதியவர்களைப் பார்த்துவிட்டாய், ஆறு பேரும் ஒன்றையே சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். "கதவைப் பூட்டினதே இல்லை. ஏழைகள்தான், ஆனால் சந்தோஷமாக இருந்தோம்." இதை வைத்துக்கொண்டு என்ன ஆய்வேடு எழுதுவது என்று உனக்குச் சலிப்பு. சலித்துக்கொள்ளாதே அம்மா. அது வாசலில் நிற்கிற விருந்தாளியிடம் பேசுகிற பேச்சு. உன்னை இன்னும் அடுப்பங்கரை வரை யாரும் கூப்பிடவில்லை.

நான் நியூகாசில் வந்து முதியோர் வார்டில் வேலைக்குச் சேர்ந்தபோது, புது வீடுகள் கட்டுவதற்காக இடித்ததில், பழைய பைக்கர் பாதி இடிந்து கிடந்தது. 17,000 பேர் வாழ்ந்த மேடு அது. டைன் ஆற்றை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் தெருக்கள். அடுத்தடுத்து இரண்டிரண்டு வாசல்கள், ஒன்று கீழ்வீட்டுக்கு, ஒன்று மாடிவீட்டுக்கு. கொல்லையில் கரி அறையும் கழிப்பறையும். அந்தக் கழிப்பறையை 'நெட்டி' என்பார்கள். நீயும் அப்படியே எழுது; நாகரிகமான சொல்லாக மாற்றாதே.

ஒரு தப்பு செய்தேன், அதைச் சொல்கிறேன். ஒரு பாட்டி தினமும் தன் சிறுவயதைச் சொல்வார். குளிர்கால இரவில் மெழுகுவத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு நெட்டிக்கு ஓடுவது, ஆணியில் குத்தி வைத்த செய்தித்தாள் துண்டுகள், திங்கட்கிழமை முழுக்கத் தொட்டியில் உலக்கை மாதிரியான கட்டையால் துணியைக் குத்தும் அம்மா. நான் வாலிப வேகத்தில், "இப்போது புது வீட்டில் வெந்நீர் வருகிறது, உள்ளேயே குளியலறை இருக்கிறது, எவ்வளவு நல்லது!" என்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். மறுநாள்தான் பேசினார். "நெட்டி வேண்டும் என்று நான் கேட்டேனா, டாக்டர்? எதிர்வீட்டுக்காரி எந்தப் பக்கம் போனாள் என்று தெரியவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அன்றைக்கு நான் வாயை மூடக் கற்றுக்கொண்டேன். இடித்தது சரியா தப்பா என்று அவர்களிடம் கேட்காதே. கேட்டால் ஒரு பக்கம் நின்று பதில் சொல்வார்கள், மற்றதெல்லாம் உள்ளே போய்விடும். ஈரச் சுவர், இருமல், வாடகை வசூலிக்க வருகிறவர் கதவைத் தட்டினால் "அம்மா இல்லை" என்று பொய் சொல்லக் குழந்தையைப் பழக்கியது, இவையும் அதே வீடுகளில் நடந்தவைதான். ஒருவர் சொன்னதை மற்றவரின் ஏக்கத்தால் அழித்துவிடாதே.

கொல்லைச் சந்து பற்றிக் கேள். அங்கேதான் எல்லாம் இருக்கிறது. சந்தின் குறுக்கே கொடி கட்டித் துணி காயப்போடுவார்கள். கரி வண்டி வந்துவிட்டால் தெருப் பெண்கள் அத்தனை பேரும் ஓடிவந்து துணியை எடுக்க வேண்டும். வீட்டில் இல்லாதவள் துணியை யார் எடுத்தார்கள்? யாருடையதை எடுக்காமல் விட்டார்கள்? இந்த ஒரு கேள்விக்கு என்னிடம் ஒரு மணி நேரம் பதில் சொன்னவர்கள் உண்டு. சிறுபிள்ளைகளாக இருந்தபோது அந்த ஈரப் படுக்கை விரிப்புகளுக்கு நடுவே ஓடி அடி வாங்கினவர்கள் அவர்கள்.

சிர்க்கா-லீசா கொன்டினெனின் படங்களைக் காட்டிக் கேட்கலாமா என்கிறாய். பின்லாந்துப் பெண், 1969-இல் பைக்கரில் குடியேறி, தான் குடியிருந்த வீடும் இடிபடும்வரை அங்கேயே இருந்து படம் எடுத்தவர். 1983-இல் வந்த அவருடைய படப் புத்தகத்தை நான் பலமுறை புரட்டியிருக்கிறேன். ஆனால் முதலில் காட்டாதே. படம் அவ்வளவு நன்றாக இருக்கிறது, அதையே தங்கள் நினைவாக எண்ணிவிடுவார்கள். முதலில் வெற்றுத்தாளைக் கொடு. தெருவை வரையச் சொல். எந்தக் கதவுக்குப் பின்னால் யார் என்று எழுதச் சொல். தாள் நிறைந்த பிறகு புத்தகத்தைத் திற.

நீ கட்டடக்கலை படிக்கிறவள், அதனால் புதிய பைக்கரை வடிவமைத்த ரால்ஃப் எர்ஸ்கின் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் கெட்டவர் இல்லை. பழைய சவ அடக்கக் கடை ஒன்றில் அலுவலகம் வைத்து, யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து பேசலாம் என்று கதவைத் திறந்து வைத்தவர். வடக்கே வரவிருந்த பெருஞ்சாலையின் இரைச்சலைத் தடுக்கத்தான் சுவர் மாதிரி நீண்ட அந்தக் குடியிருப்புக் கட்டடம், பைக்கர் சுவர். வடபுறம் சின்னச் சின்ன சன்னல்கள், தென்புறம் வெயிலும் பால்கனியும் ஆறும். பைக்கர்க்காரர்களுக்கே பைக்கர் என்பதுதான் வாக்கு. ஆனாலும் 1976-இல் பழைய ஆட்களில் ஐந்தில் ஒரு பங்குகூட அங்கே மிஞ்சவில்லை. புது வீடு எழும்பும் முன்பே பழைய வீடு விழுந்தது. காத்திருக்க முடியாதவர்கள் கிடைத்த இடத்துக்குப் போனார்கள். 2007 முதல் அந்தச் சுவர் பாதுகாக்கப்பட்ட கட்டடம். உன் ஆசிரியர்கள் சுவரைப் பற்றி நிறையச் சொல்லித் தருவார்கள். போனவர்கள் எந்தப் பேருந்தில் போனார்கள், அந்த எதிர்வீட்டுக்காரி எங்கே இறங்கினாள் என்பதை நீதான் தேட வேண்டும்.

பழைய இடத்துக்கே கூட்டிப் போனால் அவர்கள் திகைத்து நிற்பார்கள். தெரு இல்லை, மூலை இல்லை. அப்போது ஆற்றைப் பார்த்து நிற்கச் சொல். சரிவு மாறவில்லை. கப்பல் பட்டறைச் சங்கு எந்தப் பக்கமிருந்து ஊதும், அப்பா எந்த வழியாக ஏறி வருவார் என்று கை தானாக நீளும். பார்த்திருக்கிறேன்.

அந்தப் பாட்டி எனக்கு ஒரு 'ப்ராகி' பாய் கொடுத்தார். சாக்குத் துணியில் பழந்துணித் துண்டுகளைக் குத்திக் குத்தி அவர் அம்மா செய்தது. நீலம் ஒரு பழைய கோட்டு, சாம்பல் நிறம் அப்பாவின் வேலைக் காற்சட்டை, நடுவில் இருக்கும் சிவப்பு யாருடையது என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரும்போது எடுத்துப் போ. உன் ஏழாவது பாட்டியின் மடியில் விரித்துவிட்டுப் பேசாமல் இரு. துவைத்துவிடாதே, கரிப்புகை வாசனை இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

அன்புடன்,
தாத்தா