பி.ஆர். போடப்போகும் பிள்ளைக்கு

கண்ணு, கனடாவுக்கு பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) போடப்போகிறாய் என்று உன் அம்மா ஃபோனில் சொன்னாள். ஸ்கார்பரோவில் இத்தனை வருஷமாக இருக்கிறேன். ஊரிலிருந்து விண்ணப்பிக்கிற பிள்ளைகள் எப்படியோ என் எண்ணைத் தேடிப் பிடித்துவிடுவார்கள். அவர்கள் தடுக்கி விழுந்த இடமெல்லாம் எனக்கு மனப்பாடம். படிவம் நிரப்ப நீ என்னைவிடக் கெட்டிக்காரி. ஆகவே தடுக்கிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

1. விதியை நீயே படி. பி.ஆருக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறை 2015 ஜனவரியில் வந்தது. அதற்குப் பிறகு பலமுறை மாறிவிட்டது. கனடாவில் முறையான வேலை கையில் இருந்தால் முன்பு 50 பாயின்ட் கிடைக்கும். பெரிய நிர்வாகப் பதவி என்றால் 200. 2025 மார்ச் 25 அன்று அதை எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகும் அந்த 50-ஐக் கூட்டி வைத்துக்கொண்டு ஒரு தம்பி சந்தோஷமாகப் பேசினான். அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் 2019-இல் வந்தவர். அவர் பொய் சொல்லவில்லை, தன் காலத்து விதியைச் சொன்னார். இன்னொரு குழப்பம் இந்த 67. நூற்றுக்கு 67 எடுப்பது வாசலுக்குள் நுழைய மட்டும். உள்ளே போனபின் 1200-க்கு வேறொரு கணக்கு, அதில்தான் போட்டி; அதில் மேலே நிற்பவர்களுக்குத்தான் விண்ணப்பிக்க அழைப்பு வரும். இரண்டையும் ஒன்றாக நினைத்து இனிப்பு வாங்கிக் கொடுத்தவர்கள் உண்டு. நான் சொல்கிற எண்ணையும் குடிவரவுத் துறையின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள். பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற மரியாதை இந்த விஷயத்தில் வேண்டாம்.

2. முதலில் உன் பெயரைப் பார். நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பள்ளிச் சான்றிதழில் ஓர் இனிஷியல், பட்டத்தில் இரண்டு, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, சம்பளச் சீட்டில் அதுவே தலைகீழாக. இது உனக்கு வேடிக்கை. உன்னை அறியாத ஓர் அதிகாரிக்கு நான்கு வேறு ஆட்கள். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே மொழித்தேர்வுக்கும் பதிவு செய். மற்றவற்றுக்கு, எல்லாம் ஒரே ஆள்தான் என்று நோட்டரி பிரமாணப் பத்திரம் ஒன்று வாங்கி வைத்துக்கொள். கடைசி வாரத்தில் ஓடாதே.

3. பொய் வேண்டாம். பெரிய பொய்யைப் பற்றி நான் பேசவில்லை, அதை நீ சொல்லமாட்டாய். சின்னப் பொய்தான் ஆளைக் கவிழ்க்கும். வேலை இல்லாமல் வீட்டில் இருந்த ஐந்து மாதத்தை மறைக்க முந்தைய வேலையைக் கொஞ்சம் நீட்டி எழுதுவது, சோதனைப் பொறியாளர் என்பதை மேலாளர் ஆக்குவது, இப்படி. வேலை இல்லாத மாதத்தை வேலை இல்லாத மாதம் என்றே எழுதலாம். அதற்காக யாரையும் நிராகரிப்பதில்லை. நடுவில் இடைவெளி விட்டால்தான் கேள்வி வரும்.

எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு முன்பு அமெரிக்க விசா மறுக்கப்பட்டிருந்தது. வேறு எந்த நாடாவது உனக்கு விசா மறுத்திருக்கிறதா என்று கனடாப் படிவம் கேட்கும். இல்லை என்று போட்டுவிட்டான். அமெரிக்காவும் கனடாவும் இந்தத் தகவல்களைப் பகிர்ந்துகொள்ளும் நாடுகள் என்பது அவனுக்குத் தெரியாது. தவறான தகவல் தந்தால் ஐந்து வருஷம் விண்ணப்பிக்கவே முடியாது என்று அவர்களுடைய குடிவரவுச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு சொல்கிறது. ஐந்து வருஷம் கழிந்தபோது அவனுடைய வயதுக்கான பாயின்ட் பெரும்பாலும் கரைந்திருந்தது. மறுக்கப்பட்டது குற்றமே இல்லை, மறைத்ததுதான் குற்றம். ஆமாம் என்று போட்டு, ஏன் மறுத்தார்கள் என்று நான்கு வரி எழுதியிருந்தால் இன்றைக்கு அவன் எனக்கு அடுத்த தெருவில் இருந்திருப்பான்.

குடும்பத்தில் ஒருவரையும் விட்டுவிடாதே. கூட வராவிட்டாலும் மனைவியோ கணவனோ குழந்தையோ பெயர் படிவத்தில் இருக்கவேண்டும். முதல் திருமணத்துப் பிள்ளையை வெட்கப்பட்டு எழுதாமல் விட்ட ஒருவர், பிறகு அந்தப் பிள்ளையை அழைத்துக்கொள்ளப் பட்ட பாடு சொல்லி மாளாது. விண்ணப்பம் போட்டபின் கல்யாணம் நடந்தாலும் குழந்தை பிறந்தாலும் உடனே தெரிவி.

4. ஏஜென்ட் வைக்கலாம், வைக்காமலும் இருக்கலாம். பணம் வாங்கிக்கொண்டு குடிவரவு ஆலோசனை சொல்லக் கனடாவில் உரிமம் பெற்ற ஆலோசகர், வழக்கறிஞர், கியூபெக் நோட்டரி போன்றவர்களுக்குத்தான் அனுமதி. ஆலோசகர்களின் பெயர்ப் பட்டியல் அவர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பின் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. கண்ணாடிக் கதவு, மேப்பிள் இலைப் படம், ‘நிச்சயம் கிடைக்கும்’ என்ற வார்த்தை, இந்த மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் எழுந்து வந்துவிடு. நிச்சயம் என்று சொல்லும் அதிகாரம் யாருக்கும் கிடையாது. கணக்கை உன் மின்னஞ்சலில் திற. கடவுச்சொல் உன்னிடம் இருக்கட்டும். ஒரு பெண்ணுக்கு அழைப்பு வந்தது, ஏஜென்டின் மின்னஞ்சலுக்கு. அவர் பாக்கிப் பணம் வராமல் காட்டவில்லை. அழைப்பு வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் எல்லாம் தாக்கல் செய்யவேண்டும். அவளுக்கு அது தெரிந்தபோது நாள் போய்விட்டது. யார் நிரப்பினாலும் கையெழுத்து உன்னுடையது. தப்புக்குத் தண்டனையும் உனக்குத்தான்.

5. வேலையை விடும்போது சண்டை போட்டுக்கொண்டு விடாதே. இதைக் கேட்டுச் சிரிக்கிறாயா? நீ செய்த வேலைக்குச் சாட்சி உன் பழைய நிறுவனத்தின் கடிதம். பதவி, சேர்ந்த நாள், விலகிய நாள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், என்னென்ன செய்தாய் என்பதெல்லாம் நிறுவனத்தின் தாளில் இருக்கவேண்டும். நம் ஊர் எச்.ஆர். தருகிற ரிலீவிங் லெட்டரில் இந்த வேலை விவரம் இருக்காது. கேட்டால் ‘எங்கள் பாலிசி இல்லை’ என்பார்கள். அப்போது உன் பழைய மேலாளர் மனசு வைத்து எழுதித் தருகிற கடிதமும், சம்பளச் சீட்டும், ஃபார்ம் 16-உம்தான் கைகொடுக்கும். கதவை அறைந்துவிட்டு வந்தவனுக்கு அந்தக் கடிதத்தை யார் தருவார்? கடிதத்தில் வேலை விவரத்தைக் கனடா அரசின் தொழில் வகைப்பாட்டிலிருந்து அப்படியே காப்பி அடிக்கவும் வேண்டாம். நீ செய்ததை உன் வார்த்தையில் எழுதச் சொல்.

6. ஆங்கிலம் தெரியும் என்ற எண்ணத்தைக் கழற்றி வை. கான்வென்டில் படித்தவர்கள், ஆங்கிலத்திலேயே அலுவலகம் நடத்துபவர்கள், பயிற்சி இல்லாமல் போய் எழுத்துத் தாளில் அரை பேண்டில் தோற்று வருவார்கள். அந்த அரை பேண்ட் எவ்வளவு தெரியுமா? ஐஇஎல்டிஎஸ் பொதுப் பயிற்சித் தேர்வில் கேட்டலில் 7.5, மற்ற மூன்றில் 6.5 எடுத்தால் ஒரு நிலை. கேட்டலில் 8, மற்றவற்றில் 7 எடுத்தால் அடுத்த நிலை. தனியாக விண்ணப்பிக்கும், ஒரே பட்டம் உள்ள, மூன்று வருஷத்துக்கு மேல் வெளிநாட்டு அனுபவம் உள்ள ஆளுக்கு இந்த இரண்டு நிலைக்கும் நடுவே 69 பாயின்ட் வித்தியாசம். மொழிக்கு நேராகக் கிடைப்பது போக, படிப்போடும் அனுபவத்தோடும் சேர்ந்து இன்னொரு பங்கு ஏறும். ஆகவே சிபாரிசு தேடி அலையும் நேரத்தில் தினம் ஒரு கட்டுரை எழுதிப் பழகு. உனக்குப் பொறுமை இருந்தால் பிரெஞ்சும் படி. 2024 பிப்ரவரிக் கடைசியில், பொது அழைப்புக்கு 534 கேட்ட அதே வாரத்தில், பிரெஞ்சு தெரிந்தவர்களை 336-க்கே கூப்பிட்டார்கள். அது விளையாட்டாக வருகிற மொழி இல்லை; வருஷக்கணக்கில் உட்கார்ந்து படிக்கிறவர்களுக்கு வரும். தேர்வு முடிவு இரண்டு வருஷம்தான் செல்லும் என்பதையும் ஞாபகம் வை.

7. பணத்தைக் கைமாற்று வாங்கிக் காட்டாதே. கனடா அனுபவம் இல்லாமல் வருகிறவர் குடும்ப அளவுக்கு ஏற்ப ஒரு தொகையைக் கணக்கில் காட்டவேண்டும். அந்தத் தொகை வருஷாவருஷம் மாறும். வங்கிக் கடிதத்தில் ஆறு மாதச் சராசரி இருப்பும் உன் கடன்களும் வரும். நேற்று மாமா போட்ட பத்து லட்சம் அதில் பளிச்சென்று தெரியும். கடன் வாங்கிய பணம் செல்லாது, வீட்டின் மதிப்பும் செல்லாது. அப்பா உண்மையிலேயே கொடுத்தால் தானப்பத்திரமாக எழுதி வாங்கு. அந்தப் பணம் அதிகாரிக்காக மட்டும் கேட்கப்படுவதில்லை. இங்கே வந்த முதல் சில மாதத்தில் வாடகைக்கும் குளிர்ச் சட்டைக்கும் அதுதான் ஓடும்.

8. கல்யாணம் ஆகியிருந்தால் யார் பெயரில் போடுவது என்று இருவரும் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். கூட வரும் துணைக்கு அதிகபட்சம் 40 பாயின்ட்தான். பாரம் முழுவதும் முதல் விண்ணப்பதாரர் மேல். வயது குறைவாகவும் ஆங்கிலம் நன்றாகவும் இருக்கிறவர் முன்னால் நிற்கட்டும். ஒரு வீட்டில் மனைவி செவிலியர். மருத்துவத் துறையினருக்கென்றே 2023 முதல் தனி அழைப்புகள் நடக்கின்றன. கணக்கு அவள் பக்கம் சாய்ந்ததும் அவன் பல நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். படிவத்தில் யார் பெயர் முதலில் என்று விமானத்தில் யாரும் கேட்கமாட்டார்கள்.

9. காத்திருக்கக் கற்றுக்கொள், ஆனால் வாழ்க்கையை நிறுத்தி வைக்காதே. தனி ஆளுக்கு 29 வயது வரை வயதுக்கு 110 பாயின்ட், 35-இல் 77, 40-இல் 50, 45-இல் ஒன்றுமில்லை. ஆகவே தள்ளிப் போடுவதும் தப்பு. போட்டுவிட்டு ஒவ்வொரு அழைப்புச் சுற்றுக்கும் நெஞ்சு அடைத்து உட்கார்ந்திருப்பதும் தப்பு. பி.ஆர். வரட்டும் என்று பதவி உயர்வை மறுத்தவனையும் குழந்தையைத் தள்ளிப் போட்டவளையும் பார்த்திருக்கிறேன். அழைப்பு வந்தாலும் வராவிட்டாலும் அந்த வருஷங்கள் போனது போனதுதான்.

அந்தப் பாயின்ட் எண்தான் உன் மதிப்பு என்று மட்டும் நினைத்துவிடாதே. 1967-இல் கனடா இந்தப் பாயின்ட் முறையைக் கொண்டுவந்தது, பிறந்த நாட்டையும் நிறத்தையும் பார்த்து ஆள் எடுத்த பழைய வழக்கத்துக்கு மாற்றாக. அதனால்தான் நம்மைப் போன்றவர்கள் உள்ளே வர முடிந்தது. அதன் வேலை அவ்வளவே. உன் கைத்திறனையோ, பாட்டியை நீ பார்த்துக்கொண்ட விதத்தையோ அளக்க அதில் கட்டம் கிடையாது.

10. அப்பா அம்மாவிடம் பொய் நம்பிக்கை கொடுக்காதே. ‘நான் போய் உங்களைக் கூப்பிட்டுக்கொள்கிறேன்’ என்று எல்லோரும் சொல்லித்தான் கிளம்புகிறோம். பெற்றோரை நிரந்தரமாக அழைக்கும் திட்டத்தில் இடம் குறைவு. 2020-இல் விருப்பம் தெரிவித்தவர்களிலிருந்தே பல வருஷம் குலுக்கிக் குலுக்கி எடுத்தார்கள். பெற்றோருக்கான சூப்பர் விசாவில் வந்தால் ஒரு தடவைக்கு ஐந்து வருஷம் வரை தங்கலாம், மருத்துவக் காப்பீடு நாமே எடுக்கவேண்டும். இதைக் கிளம்புமுன் அவர்களிடம் உட்கார்ந்து பேசு. யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது என்பது வரை பேசு. வருத்தப்படுவார்கள், பிறகு தாங்கிக்கொள்வார்கள்.

11. பி.ஆர். என்பது வேலை உத்தரவு இல்லை. செவிலியருக்கும் பொறியாளருக்கும் ஆசிரியருக்கும் அந்தந்த மாகாணத்தின் உரிமம் தனி. ஒன்டாரியோவில் பொறியாளர் உரிமத்துக்குக் கனடா அனுபவம் கட்டாயம் என்றிருந்ததை 2023-இல் எடுத்துவிட்டார்கள், ஆனால் தேர்வும் ஆவணங்களும் அப்படியே இருக்கின்றன. ஊரில் இருக்கும்போதே உரிமத்துக்கான வேலையைத் தொடங்கலாம்; பெரும்பாலோர் தொடங்குவதில்லை. இங்கே முதலில் கிடங்கிலோ கடையிலோ நிற்க நேரலாம். நில், ஆனால் அங்கேயே நின்றுவிடாதே. ஊருக்குப் படம் அனுப்பும்போது கடன் காரின் முன்னால் நிற்கவும் வேண்டாம். அதைப் பார்த்து இன்னொரு பிள்ளை வீட்டை விற்றுக் கிளம்பும்.

12. நாளைக்கே செய்யவேண்டியதைச் சொல்கிறேன். பல்கலைக்கழகத்தில் டிரான்ஸ்கிரிப்ட் கேட்டு விண்ணப்பி. உன் படிப்பை மதிப்பிடும் நிறுவனத்துக்கு அதைப் பல்கலைக்கழகமே நேராக அனுப்பவேண்டும், அதற்குத்தான் நாள் அதிகம் பிடிக்கும். நீ சிங்கப்பூரில் இருந்தது ஆறு மாதத்துக்கு மேல், பத்து வருஷத்துக்குள். ஆகவே அந்த ஊர்க் காவல்துறைச் சான்றும் வேண்டியிருக்கும். பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று பார். இவை மூன்றும் முடிந்ததும் எனக்கு ஃபோன் செய். சனிக்கிழமை உங்கள் நேரம் மாலை ஏழு மணிக்கு மேல் கூப்பிடு, கண்ணு. அதற்கு முன்னால் நான் எழுந்திருக்கமாட்டேன்.