பிழை கூறலும் பொறுப்பும்

தன் பிழையைத் தானே எடுத்துரைத்தல் எவர்க்கும் எளிதன்று. உரைத்தவுடன் தண்டனை வருமெனின் வாய் திறப்பார் யாவர்? ஆயினும், ஆகாய விமானம் செலுத்துவோர் மறைக்கும் பிழை பிறர் உயிரைக் கொள்ளுதலும் உண்டு. இதனை ஒரு சரித்திரத்தால் அறியலாம்.

1974-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 1-ம் நாள், டி. டபிள்யூ. ஏ. கம்பெனியாரின் 514-ம் எண் விமானம் வாஷிங்டன் நகரை நாடி வந்தது. கடுங்காற்றினால் அஃது அருகிலுள்ள டல்லஸ் நிலையத்துக்குத் திருப்பப்பட்டது. நிலையத்தை அணுக அனுமதி கிடைத்ததும், 1,800 அடி உயரத்துக்கு இறங்கலாமென விமானிகள் பொருள் கொண்டனர். அவ்வழியில் மலையொன்று நின்றது. விமானம் அதில் மோத, 92 பேரும் மாண்டனர்.

ஆறு வாரங்களுக்கு முன்னரே, வேறொரு கம்பெனியின் விமானம் அதே மயக்கத்தால் தாழ்ந்து, அம்மலையினின்று அரிதில் தப்பியிருந்தது. அக்கம்பெனியார் தம் விமானிகளை எச்சரித்தனர். பிறர்க்கோ அச்செய்தி எட்டவில்லை. விபத்தை விசாரித்த சபையார் ஐவருள் மூவர் விமானிகளின் முடிவையே காரணமென்றனர், இருவர் மாறுபட்டனர். பழி எவர்மேல் வீழினும் மாண்டவர் மீள்வரோ? முன்னைய எச்சரிக்கை எல்லார்க்கும் எட்டியிருப்பின், அவர்கள் பிழைத்திருத்தல் கூடும்.

இதன்பின் 1975-ல், அமெரிக்க விமானப் போக்குவரத்து அதிகாரிகள், பிழைகளைத் தமக்கு எழுதுமாறு விமானிகளை அழைத்தனர். தண்டிப்பவரிடமே குற்றத்தை ஒப்புக்கொள்ள அவர்கள் அஞ்சினர். ஆதலின் 1976-ல் அவ்வேலை, தண்டிக்கும் அதிகாரமற்ற நாசா ஸ்தாபனத்தினிடம் விடப்பட்டது. அவர்கள் கடிதத்தின் பெயர்ப்பகுதியை நீக்கி எழுதினவர்க்கே திருப்பியனுப்பி, எஞ்சிய செய்தியை ஆராய்ந்து யாவரையும் எச்சரிப்பர்.

இதனால் பொறுப்பு அழிந்துபோகாதோ எனின், போகாது. பத்து நாட்களுக்குள் எழுதியவர்க்கே இச்சலுகை உண்டு. பிழை அறியாது நேர்ந்ததாயிருத்தல் வேண்டும்; முந்திய ஐந்தாண்டில் விதி மீறினவரென்று தீர்ப்புப் பெற்றிருத்தல் கூடாது. விபத்துக்கும் கொடுங்குற்றத்துக்கும் இது பொருந்தாது. அன்றியும், வேறு வழியால் வெளிப்பட்ட மீறுதல் மீறுதலென்றே பதியப்படலாம். நீங்குவது தண்டனை மாத்திரமே.

எனவே பொறுப்பு என்பது தண்டனையைச் சுமத்தல் மாத்திரமன்று. தான் தவறிய இடத்தைப் பின்வருவோர்க்குக் காட்டுதலும் பொறுப்பேயாம். அதனைக் காட்ட அஞ்சாதபடி செய்தல் ஆள்வோர் கடன். காலந்தாழ்த்தாது காட்டுதல் தவறினோர் கடன்.