தீவுல போய் வாழலாமா?

தேர்வு நெருங்கும்போது, "பேசாம ஒரு தீவுக்குப் போயிடலாம்"னு நாம எல்லாரும் ஒரு தடவையாவது சொல்லியிருப்போம். அப்படி வாழ்ந்தவர்கள் கதையைக் கேளுங்கள்.

அயர்லாந்து நாட்டின் மேற்குக் கரையிலிருந்து சுமார் 2 கி.மீ. தூரத்தில் கிரேட் பிளாஸ்கெட் என்ற தீவு உள்ளது. 1916-இல் அங்கே சுமார் 175 பேர் வாழ்ந்தார்கள். மீன் பிடித்தார்கள், ஆடு வளர்த்தார்கள், உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள். பேசியது ஐரிஷ் மொழி. கடையும் இல்லை, மருத்துவரும் இல்லை. எது வேணும்னாலும் துடுப்புப் படகில்தான் அக்கரைக்குப் போகணும்.

ஆனாலும் அவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை! மீனவரான தோமாஸ் ஓ குரோஹன் எழுதிய தன் வரலாறு 1929-இல் வெளிவந்தது. பெக் சேயர்ஸ் என்ற அம்மா சொல்லச் சொல்ல, அவர் மகன் எழுதிய நூல் 1936-இல் வந்தது. இன்றும் ஐரிஷ் இலக்கியத்தில் இவற்றுக்குத் தனி இடம் உண்டு.

அப்புறம் ஏன் தீவு காலியானது?

இளைஞர்கள் வேலை தேடி அமெரிக்காவுக்குப் போனார்கள். படகு வலிக்க ஆள் குறைந்தது. பிள்ளைகள் குறைந்ததால் 1941-இல் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். 1947 ஜனவரியில் 24 வயது இளைஞர் ஒருவர் மூளைக்காய்ச்சலில் இறந்தார். கடல் கொந்தளித்ததால் மருத்துவரைக் கூட்டிவர முடியல. அதே ஆண்டு ஏப்ரலில், சாப்பிட ஒன்றுமில்லை, உணவு அனுப்புங்கள் என்று பிரதமர் டி வலேராவுக்குத் தந்தி கொடுத்தார்கள். கடைசியில் தீவு மக்களே அரசிடம் கேட்டு, 1953 நவம்பர் 17-இல் வெளியேறத் தொடங்கினார்கள். அப்போது மிஞ்சியது 22 பேர்தான்!

இதில் ஒரு வேடிக்கை. 2020-இல், கோடை மாதங்களில் அங்கே தங்கிச் சுற்றுலா விடுதியைக் கவனிக்க இரண்டு பேர் தேவை என்று விளம்பரம் வந்தது. கரண்ட் வசதி கிடையாது என்று தெரிந்தும், பல்லாயிரம் பேர் விண்ணப்பம் போட்டார்களாம்!

கோடையில் போய் இருந்துட்டு வர்றவங்களுக்குத் தீவு ஒரு கனவு. மழையிலும் புயலிலும் அங்கேயே கிடந்தவர்களுக்கு அது ஊர். ஊர்னா அழகு மட்டும் போதாது. பள்ளிக்கூடம், மருத்துவர், படகு வலிக்க நாலு பேர், இதெல்லாம் வேணும். அந்தத் தீவில் முதலில் நின்றது பள்ளி மணிச் சத்தம். பன்னிரண்டு வருஷத்தில் ஊரே நின்றுபோனது.

நாளைக்கு நம்ம பள்ளி மணி அடிக்கும்போது, இதைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி